நூற்று எண்பத்தேழு கட்டைவிரல்கள்

மூன்றாம் வகுப்பின் கணக்கு நோட்டுகளை ஆபீஸ் அக்கா கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் நடுப்பக்கத்தில் விரித்து, கயிற்றின் மேல் கவிழ்த்து, பறந்துவிடாமல் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினார். முதல் வகுப்புக்கு மஞ்சள் கிளிப், இரண்டாம் வகுப்புக்குப் பச்சை, மூன்றாம் வகுப்புக்கு நீலம். பள்ளிக்கூடத் தாழ்வாரம் முழுக்க நான்கு வரிசைக் கயிறு. காற்று அடித்தால் நாற்பது குழந்தைகளின் வகுத்தல் கணக்குகள் ஒரே நேரத்தில் படபடத்தன.

தொற்று வந்து பள்ளி மூடியிருந்த மாதங்கள் அவை. குழந்தைகள் வீட்டில் எழுதிய நோட்டுகளைப் பெற்றோர் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துப் பயிற்சித்தாள்கள் உள்ள கவரை வாங்கிப் போகவேண்டும். வந்த நோட்டுகள் மூன்று நாள் கொடியில் தனிமையில் இருந்த பிறகுதான் ஆசிரியர்களின் கைக்குப் போகும். "நோட்டு இருமாதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?" என்று, இதெல்லாம் எதற்கு என்பவர்களிடம் அக்கா திருப்பிக் கேட்பார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

என் எழுதுமேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு எதிரே அந்தத் தாழ்வாரம், நடுவில் ஒரு சின்னத் தெரு. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் புகார்க் கடிதங்களுக்கு மரியாதையான மொழியில் 'முடியாது' என்று பதில் எழுதுவது என் உத்தியோகம். தொற்றுக் காலத்தில் அந்த 'முடியாது'களை வீட்டிலிருந்தே எழுதினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆபீஸ் அக்காவை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது.

என் மகள் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, ஒன்பதாம் எண். எண்ணைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா எந்தக் குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஒரே பேருல நாலு பேர் இருப்பாங்க. ஒரே எண்ணுல ஒருத்தர்தான் இருக்க முடியும்" என்பது அவர் கட்சி. ஆகவே தெருவில் பார்த்தால் நான் "மூணாங்கிளாஸ் ஒன்பதோட அப்பா." என் மனைவி "ஒன்பதோட அம்மா." நூற்று எண்பத்தேழு குழந்தைகளின் எண்களும் அவருக்கு மனப்பாடம். எந்த எண்ணுக்கு எந்தப் பல் விழுந்திருக்கிறது, எந்த எண்ணின் தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதும் அப்படியே.

வயது ஐம்பத்து மூன்று. ஆள் குள்ளம். முகக்கவசம் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. அதற்கு மேல் மூக்குக்கண்ணாடி. மூச்சு விட்டால் கண்ணாடியில் பனி மூடிவிடும். அதனால் முக்கியமான எதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டே படிப்பார். விடுப்புக் கடிதம் நீளமாகப் போனால் பாதியில் தலையை நிமிர்த்தி, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முங்குவார். "சுருக்கமா எழுதக் கூடாதா? ஆளைக் கொன்னுடுவீங்க போல" என்று ஒரு தகப்பனாரிடம் உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தரையில் மஞ்சள் வட்டங்கள் வரைந்து வைத்திருந்தார். வட்டத்துக்குள் நிற்கவேண்டும். கோட்டை மிதித்தால் விண்ணப்பம் வாங்கமாட்டார். எதைக் கொடுப்பதென்றாலும் கணக்கு டீச்சரின் ஒரு மீட்டர் மரஸ்கேலின் நுனியில் வைத்துத்தான் நீட்டுவார். தலைமை ஆசிரியருக்கும் அதே ஸ்கேல்தான். அந்த மனிதர் முகத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு மாட்டிக்கொண்டு வருவார். புதிதாக வாங்கும்போது அதன் மேல் ஒட்டியிருந்த மெல்லிய உறையை உரிக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் உலகமே புகைமூட்டமாகிவிட்டது என்று நம்பி, அதற்குத் தகுந்த கவலையோடு நடமாடினார்.

பள்ளியில் இத்தனை அதிகாரம் செய்த அக்காவின் செல்வாக்கு வீட்டு வாசலோடு சரி. கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மாலையில் அக்கா வந்ததும் கதவைப் பாதி திறந்து, கையை நீட்டி நெற்றியில் வெப்பமானியைக் காட்டி, அளவைப் பார்த்து, சரி என்று தோன்றினால்தான் "ஏறு" என்பாராம். "ஊருக்கெல்லாம் விதி போடறே. எனக்கு விதி நீதான்" என்று தினமும் ஒரு வசனம் வேறு. இதை அக்காவே சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முகக்கவசம் இருந்ததால் அதுவும் அனுமானம்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு குழந்தையும் பள்ளியின் தொடர்பில் இருக்கிறதா, நலமாக இருக்கிறதா என்று தினமும் காலை ஒன்பதரைக்குள் எண்ணிக்கை அனுப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. தலைமை ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, படிந்த புகைக்கு நடுவிலிருந்து ஆபீஸ் அக்காவைப் பார்த்தார். மறுநாள் காலை பெற்றோரின் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்தது. எட்டரைக்குள் வகுப்பு, எண், ஒரு கட்டைவிரல். வேறு பேச்சு வேண்டாம்.

அக்கா கையில் குழு வந்த பிறகு அங்கே யாரும் வாலாட்டவில்லை. பூப்போட்ட காலை வணக்கங்கள் ஒரே நாளில் நின்றன. ஒரு தகப்பனார் தொற்றை விரட்டும் வைத்தியக் குறிப்பு ஒன்றைப் போட்டார். "இது எந்த வகுப்புப் பாடம்?" என்று ஒரு வரி பதில் வந்தது. மனிதர் அதற்கப்புறம் மூச்சு விடவில்லை. நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்றின் அம்மா ஆர்வக்கோளாறில் கட்டைவிரலுக்குப் பதில் சிவப்பு இதயம் போட்டுவிட்டார். அக்கா போன் செய்து, "உங்க அன்பு புரியுது. எனக்கு விரல் போதும்" என்றார்.

ஒவ்வொரு விரலாகப் பார்த்து, நீல அட்டை போட்ட பெரிய பதிவேட்டில் அந்தந்த எண்ணுக்கு நேரே 'ந' என்று எழுதுவார். நலம் என்பதன் சுருக்கம். விரல் வராத வீட்டுக்கு எட்டு முப்பத்தொன்றுக்குப் போன் போகும். முதல் வாரத்தில் தினம் முப்பது, நாற்பது போன். "தூங்கிட்டேன்க்கா." "தூங்கினது சரி, அப்புறம்?" "இதோ போட்டுடறேன்க்கா." சிலர் அவர் குரலுக்குப் பயந்து போனைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்கள்.

பெரியவர்களாகிய நாங்கள் சும்மா இருப்போமா? பத்தே நாளில் வழி கண்டுபிடித்தோம். ஒரு வீட்டில் எழுந்திருக்க நேரமாகும், இன்னொரு வீட்டில் நெட் தீர்ந்திருக்கும், வேறொரு வீட்டில் போன் வேலைக்குப் போயிருக்கும். ஒருவருக்காக இன்னொருவர் போட்டால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து வீதித் தையல்காரர் ஒன்பது வீடுகளுக்குக் கட்டைவிரல் ஒப்பந்தம் எடுத்திருந்தார். எட்டு மணிக்கு மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு, ஒன்பது குழந்தைகளையும் வரிசையாக நலமாக்கிவிட்டுத்தான் முதல் நூல் கோப்பார். விரல்கள் பெருகின, போன்கள் குறைந்தன. ஆபீஸ் அக்கா விரல்களைத்தான் எண்ணினார். ஒரு வியாழக்கிழமை எட்டு இருபத்தெட்டுக்கே நூற்று எண்பத்தேழும் வந்துவிட்டன. எதிர்ஜன்னலில் அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அதன் அட்டையை ஒரு தடவை தடவிக்கொடுத்ததைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் நூற்று எண்பத்தேழு. ஒரு குழந்தைகூட விடுபடாத பள்ளி அந்த வட்டாரத்திலேயே இதுதான் என்று கல்வி அலுவலகம் கண்டுபிடித்தது. கல்வி அதிகாரியே வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் வந்து பாராட்டப்போகிறார் என்று செய்தி வந்தது. தலைமை ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கும் அதில் ஒரு விஷயம் இருந்தது. பத்தொன்பது வருடமாக அவர் வேலை தற்காலிகம். தற்காலிகமாகவே தலை நரைத்துவிட்டது. "உங்க விஷயத்தையும் அதிகாரி காதுல போடறேன். அன்னிக்கு எண்ணிக்கை மட்டும் சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார் தலைமை ஆசிரியர்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் மாடியில் ஒரு பெயின்டர் குடியிருந்தார். அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பிள்ளை ஒன்றே ஒன்று, இரண்டாம் வகுப்பு, பதினாலாம் எண். தொற்று வார்டில் ஆள் போதாமல், அந்த அம்மாவை இரண்டு வாரத்துக்கு ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிறு மாலை பையோடு இறங்கி வந்தவர் என் வாசலில் நின்றார்.

"அண்ணா, டியூட்டியில போனை வாங்கி வச்சிடறாங்க. அவருக்கு இந்த வாட்ஸப்பெல்லாம் வராது. காலையில பாப்பாவுக்கும் சேத்து ஒரு விரல் போட்டுடறீங்களா?"

"இதென்ன பெரிய விஷயம், போயிட்டு வாம்மா" என்றேன். சொன்ன சொல் தவறவில்லை. தினமும் எட்டேகாலுக்குக் காப்பியை வாய்க்குக் கொண்டுபோகும்போதே என் மகளுக்கு ஒன்று, மாடிக் குழந்தைக்கு ஒன்று. அந்தக் குழந்தைக்குக் கூடத்தில் கயிறு தாண்டுகிற பழக்கம். என் தலைக்கு நேர் மேலே திம்திம் என்று விழுவாள். இரண்டாவது வாரத்தில் அந்தச் சத்தம் நின்றுபோனது. எழுத வசதியாக இருந்தது. அந்த வாரம் நான் அதிகமான 'முடியாது'களை முடித்தேன்.

பாராட்டு வெள்ளிக்கிழமை வந்தது. வீடியோவில் பின்னணி நன்றாக இருக்கவேண்டும், கொடிகளை அவிழ்த்துவிடுங்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். காலை ஒன்பதரைக்கு, எண்ணிக்கையை அனுப்பிவிட்டு, அக்கா கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பெற்றோர் வாங்காமல் விட்ட ஓரிரண்டு கவர்கள் எப்போதும் கொடியின் கோடியில் தொங்கும். பச்சைக் கிளிப் ஒன்றை எடுத்தவர் அப்படியே நின்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார். ஒரே கிளிப்பில் இரண்டு கவர். இந்தத் திங்கட்கிழமையுடையது ஒன்று, போன திங்கட்கிழமையுடையது ஒன்று. இரண்டிலும் இரண்டாம் வகுப்பு, பதினாலு. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் போன் அடித்தது.

"ஒன்பதோட அப்பா. ரெண்டாங்கிளாஸ் பதினாலுக்குக் காலையில விரல் போட்டது உங்க போன்தானே?"

"ஆமாக்கா. மாடி வீடு. அவங்கம்மா சொல்லிட்டுப் போனாங்க."

"நேத்து?"

"பன்னெண்டு நாளா நான்தான்க்கா. ஒரு நாள்கூட விட்டதில்ல." இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை மறைக்க முடியாது.

"அதெல்லாம் சரி, அப்புறம்? குழந்தைய எப்ப பாத்தீங்க?"

யோசித்தேன். போன வாரம் பார்த்தேனா? அதற்கு முந்தின வாரமா? பயிற்சித்தாள் கவரைக்கூட நான் வாங்கிக் கொடுக்கவில்லை. விரலுக்குத்தான் ஒப்புக்கொண்டேன், கவருக்கு ஒப்புக்கொள்ளவில்லை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடிக்கு எத்தன படி?"

"பதினெட்டு."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் பதிவேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நான் வெளியே வருவதற்குள் எட்டாவது படியில் இருந்தார்.

கதவைத் தட்டினார். உள்ளே சங்கிலி போட்டிருந்தது. நாலு விரல் அகலத்துக்குக் கதவு திறந்து, அந்த இடைவெளியில் ஒரு கண் தெரிந்தது. அக்கா உடனே மூன்று படி பின்னால் இறங்கி நின்றார்.

"ஆபீஸ் அக்கா வந்திருக்கேன். பதினாலுதானே?"

"ஆமா."

"அப்பா எங்க?"

"தூங்கறார்."

"எப்பல இருந்து தூங்கறார்?"

குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னார். சொன்னா வாசல்ல போர்டு வச்சிடுவாங்களாம். அம்மாகிட்டயும் சொல்லக் கூடாதாம். போன் வந்தா அப்பா தூங்கறார்னு சொல்லணுமாம்" என்றாள்.

போர்டு விஷயம் சும்மா வந்த பயமல்ல. போன மாதம் எதிர்வரிசையில் ஒரு வீட்டு வாசலில் 'தொற்று உள்ள வீடு' என்று போர்டு வைத்தபோது, எங்கள் கட்டிடத்துக் குழுவில் அவர்களை வாய்க்கு வந்தபடி பேசினோம். நானும் ஒரு வரி எழுதினேன். அது அந்தப் பெயின்டருக்கு எட்டாமல் இருந்திருக்குமா?

அக்கா குரலை உயர்த்தவும் இல்லை, குழைக்கவும் இல்லை. ஆபீஸ் ஜன்னலில் பேசுகிற அதே குரல். "பதினாலு, நான் சொல்றதைச் செய். மாஸ்க் போட்டுக்கோ. அப்பா படுத்திருக்கிற ரூம் வாசல்ல நில்லு, உள்ள போகாதே. அப்பா நெஞ்சு ஒரு தடவ ஏறி எறங்கினா ஒண்ணு. நான் 'ஆரம்பி'ன்னதும் எண்ணு. 'போதும்'னா நிறுத்து. சத்தமா எண்ணணும்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பி."

உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் எண்ணினாள். பத்து, இருபது வந்தபோது கடிகாரத்தில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தெட்டில் தடுமாறி, திருத்திக்கொண்டு, மேலே போனாள்.

"போதும். எவ்வளவு?"

"நாப்பத்திரண்டு."

அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். விலாசத்தைச் சொல்லிவிட்டு, "மூச்சு நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு. எண்ணினது ரெண்டாங்கிளாஸ் புள்ள. தப்பா இருக்காது, சீக்கிரம் வாங்க" என்றார்.

இருபது நிமிடத்தில் வந்தார்கள். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் பெயின்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பரிச்சயமான முகம் என்று எனக்குத் தோன்றவில்லை. இறங்கியவர்களில் ஒருவர், "நாளைக்குக் கூப்பிட்டிருந்தா வர்றதுல அர்த்தமே இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு நாள் ஆக்ஸிஜனில் கிடந்து அந்த மனிதர் பிழைத்து வந்தார். அது பின்னால் நடந்தது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது.

குழந்தை உள்ளே தனியாக இருந்தாள். அவளும் தொற்றோடு இருந்தவள், யார் வீட்டுக்கும் அழைத்துப்போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் யார் யாரையோ பிடித்து அக்கா அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது, அதை நான் எழுதப்போவதில்லை. விடுதியிலிருந்து விடுவித்து அனுப்பச் சாயந்திரம் நாலு மணி ஆகும் என்றார்கள். அக்கா பன்னிரண்டாவது படியில், கதவிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் தள்ளி, உட்கார்ந்துகொண்டார். "நாலு மணிக்கு அம்மா வந்துடுவாங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். கதவை இவ்வளவு தெறந்து வை" என்றார்.

பதினொரு மணிக்கு அவர் போனில் வீடியோ வந்தது. ஒரு கட்டத்தில் கல்வி அதிகாரி, ஒரு கட்டத்தில் புதுச் சட்டையில் தலைமை ஆசிரியர். தொடர்பு, அக்கறை, முன்மாதிரி என்று அதிகாரி நெடுநேரம் பேசினார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அலமாரி, அது நிறைய கோப்புகள். கடைசியில், "இன்றைய எண்ணிக்கையை, தினமும் எண்ணுகிற அம்மா வாயாலேயே கேட்போமே" என்றார்.

"நூத்தி எண்பத்தாறு, ஐயா" என்றார் அக்கா.

தலைமை ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "நெட்வொர்க் சரியில்லங்க ஐயா. நூத்தி எண்பத்தேழுன்னு சொல்றாங்க."

"அருமை, அருமை" என்றார் அதிகாரி.

"நூத்தி எண்பத்தாறுதான் ஐயா. ஒண்ணு விட்டுப்போச்சு. பன்னெண்டு நாளா விட்டுப்போயிருக்கு. நான் விரல எண்ணிட்டு இருந்திருக்கேன், புள்ளைய எண்ணல. இன்னும் எத்தன விட்டுப்போயிருக்குன்னும்..."

திரையில் அவர் கட்டத்தின் மூலையில் ஒலிவாங்கிப் படம் ஒன்று தோன்றி, அதன் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. தலைமை ஆசிரியர் அவர் குரலை அணைத்துவிட்டார். அக்கா பேசிக்கொண்டே இருந்தார். அதிகாரி அந்த முகக்கவசத்தின் அசைவைப் பார்த்துக் கைதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா போனைப் பையில் போட்டுவிட்டுக் குழந்தையோடு கழித்தல் கணக்குப் போட்டார். என் மனைவி சாப்பாட்டைக் கொண்டுபோய் மாடி வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். குழந்தை நாலு நாளாக பிஸ்கட்டும் தண்ணீரும்தான் சாப்பிட்டிருக்கிறாள். "மெதுவா சாப்பிடு. யாரும் பிடுங்கப் போறதில்ல" என்று அக்கா அதட்டினார். நான் என் வாசலில் நிற்பதும், உள்ளே போய் நாற்காலியில் உட்காருவதும், மறுபடி வந்து நிற்பதுமாக இருந்தேன். நாலு மணி வரை ஒரு 'முடியாது'கூட எழுத முடியவில்லை.

நாலேகாலுக்கு அந்த அம்மா வந்தார். ஓடிவந்தவருக்கு வழிவிட்டு அக்கா கீழே இறங்கி என் வாசலுக்கு எதிரே சுவரோரம் ஒதுங்கி நின்றார். என்னைக் கடந்துபோகும்போது அந்த அம்மா என்னைப் பார்த்தார். சங்கிலி அவிழும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு சாத்திக்கொண்டது.

அக்கா மேலே பார்த்து, வகுப்பில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"ரெண்டாங்கிளாஸ் பதினாலு?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, அழுகையும் மூக்கடைப்புமாக, "உள்ளேன் அம்மா" என்று வந்தது.

அவர் இரண்டாவது படியில் உட்கார்ந்து, பையிலிருந்து பதிவேட்டை எடுத்து மடியில் விரித்தார். பதினாலாம் எண்ணுக்கு நேரே விரலை ஓட்டி, பன்னிரண்டு நாள் பின்னால் போய் நிறுத்தினார். சிவப்புப் பேனாவால் முதல் 'ந'வை அடித்தார். பதிவேட்டில் எதை அடித்தாலும் பக்கத்தில் அடித்தவர் கையெழுத்து இருக்கவேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். சின்னதாக ஒன்று போட்டார். அடுத்ததை அடித்தார், போட்டார். பையில் போன் அடித்தது. தலைமை ஆசிரியராகத்தான் இருக்கவேண்டும். நின்றது, மறுபடி அடித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டையும் அடித்து முடித்துவிட்டு, இன்றைய கட்டத்தில் மட்டும் அடித்ததற்கு மேலே புதிதாக ஒரு 'ந' எழுதினார்.

அப்புறம் பதிவேட்டை முதல் படியில் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்துவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளிப் போய் நின்றார்.

"ஒன்பதோட அப்பா. பக்கத்துல நீங்களும் போடுங்க. சுருக்கமா வேண்டாம், முழுப் பேரு."

நான் குனிந்து முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். கட்டம் சின்னது, கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, காற்றில், அடுத்த கட்டத்தைச் சுட்டிக் காட்டினார்.